மிஸியின் பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸ்,
12 ஜனவரி 1986

அன்புத் தம்பி வாசுவுக்கு,

அக்கா தங்கமணி எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. நான் தைலம் தேய்த்தால் குறைகிறது, உன் ஞாபகம் வந்தால் கூடுகிறது. பெர்த்தில் வெயில் எப்படி? நீயும் சுபத்திராவும் சுகம்தானே?

தீபாவளிக்கு இராஜம்மா அக்கா வீட்டு டெலிபோனில் கூப்பிட்டபோது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பூர்வகுடி மக்களின் சமூக சுகாதாரத்தை ஒரு படிப்பாகவே சொல்லித் தருகிறார்கள் என்றாய். பேச்சு சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே உன் காதைத் துளைத்திருப்பேன். அன்றிலிருந்து எனக்கு அதே யோசனைதான்.

வார நாட்களில் தங்கியிருக்கும் பந்திங் கிளினிக்கிலிருந்து நான் பூர்வகுடிக் கிராமமான உலு கெலாடி கம்பத்துக்குப் போய் வருவது உனக்குத் தெரியும். போன மாதம் அங்கே ஒரு குழந்தை வயிற்றுப்போக்கில் இறந்துவிட்டது. உப்பும் சீனியும் கலந்த தண்ணீரை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று தெரிந்த ஒரு பெண் கம்பத்திலேயே இருந்திருந்தால் பிழைத்திருக்கும். கம்பத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு நானே பயிற்சி கொடுக்கிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். உதவி நர்ஸ் செய்கிற வேலை அது இல்லை என்று பதில் வந்தது. அங்கே ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பெண்களே கிளினிக் நடத்துகிறார்கள் என்றாயே, அதைத்தான் நான் கற்றுக்கொண்டு வரவேண்டும்.

சேருவதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று நேரில் போய் விசாரித்து எழுது. உன் அக்கா வெறும் சீனியர் கேம்பிரிட்ஜ், அதிலும் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸ் செய்தவள் என்பதை மறக்காதே.

சுபத்திராவைக் கேட்டதாகச் சொல். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்ணை உனக்குக் கட்டிவைத்துவிட்டு இங்கே கை உடைந்த மாதிரி நிற்கிறேன். கம்பத்தில் தலைவர் பாத்தினுடைய மனைவி மாக் ஈத்தாம் இன்னும் அவளை விசாரிக்கிறாள். "ஆற்றில் செருப்பை விட்ட பெண் எங்கே?" என்கிறாள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா தங்கமணி


பெர்த்,
20 பிப்ரவரி 1986

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

நீ சொன்னபடி நேரில் போனேன். நல்ல செய்திதான் அக்கா. பெரிய சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. இருபத்தொரு வயது தாண்டியிருக்க வேண்டும். பூர்வகுடி மக்கள் நடுவில் சில ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும். நேர்முகம் ஒன்று உண்டு, அதில் கேள்வி கேட்பவர்களில் பாதிப் பேர் பூர்வகுடிப் பெரியவர்கள். இவற்றை எல்லாம்விட முக்கியமாக, யார் நடுவில் வேலை செய்தோமோ அந்த மக்களே நமக்காகப் பேச வேண்டுமாம். டாக்டர், மேட்ரன் கொடுக்கிற கடிதம் செல்லாது. எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி அனுப்பினால் போதும் என்கிறார்கள். உன்னை நினைத்தே எழுதியது மாதிரி இருக்கிறது.

ஒரு விஷயம். மற்ற இடங்கள் எல்லாம் அவர்களுடைய மக்களுக்கு. வெளி ஆளுக்கு ஒரே ஓர் இடம், அதுவும் இந்த ஒரு வருஷம் மட்டும்தான். அதனால் சீக்கிரம் அனுப்பு.

சுபத்திராவுக்கு இங்கே அவ்வளவு சுகமில்லை. நம் ஊர் நர்ஸிங் சர்டிபிகேட்டை இங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றுகிறாள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அந்த ஆற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தம்பி வாசு


பந்திங்,
30 மார்ச் 1986

என் அருமைத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். களிம்பு வந்தது. அம்மா அதைப் பூசாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கிளினிக் டிரைவர் வேலாயுதம் அண்ணனிடம் கேசட்டில் பதிவு செய்கிற ரேடியோவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒருவரும் வாயை மூடவில்லை. கோழி கூவுவதும் நடுவில் இருக்கும், மன்னித்துக்கொள்ளச் சொல்.

பாத்தின் கம்பத்துத் தலைவர் இல்லையா, அவர்தான் முதலில் பேசினார். அதிகம் பேசாத மனிதர். நர்ஸ் என்றால் அவர்களுக்கு மிஸிதான். "டாக்டர் வந்தால் எங்கள் பெண்கள் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். மிஸி வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எதிரே போவார்கள். வேறென்ன சொல்ல வேண்டும்?" என்றார். வெள்ளம் வந்தபோது மிஸி வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஏறி மருந்துப் பெட்டியோடு வந்ததை மாக் ஈத்தாம் சொன்னாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். தண்ணீர் இடுப்பளவுதான்.

கடைசியில் பாத்தின் ஒரு நிபந்தனை போட்டார். "மிஸியைக் கடனாகத்தான் தருகிறோம். படிப்பு முடிந்ததும் திருப்பி அனுப்புங்கள்." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் வாசு. அழுகையை அந்த ரேடியோ பிடித்துக்கொண்டுவிடும் என்று பயம். என்னை இவ்வளவு நல்லவளாக நம் சொந்தத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

சுபத்திராவும் கேட்கட்டும். என்னோடு வந்த நாட்களில் அவளுக்குப் பழகிய குரல்கள்தான்.

நேர்முகம் எப்போது என்று எழுது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது ஆகாது.

அக்கா


பெர்த்,
2 ஜூன் 1986

அன்பு அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம் என்று நினைக்கிறேன்.

கேசட் கிடைத்தது. இருவரும் கேட்டோம். சுபத்திரா அழுதுவிட்டாள். பல்கலைக்கழகத்தில் கொடுத்தாயிற்று. நேர்முகத் தேதி இன்னும் வரவில்லை. விண்ணப்பத்தில் எழுத இன்னும் கொஞ்சம் விவரம் வேண்டும். கேசட்டில் சொல்கிறார்களே, கால் வெந்துபோன பையன், அவன் பேர் என்ன? பிரசவத்துக்குப் பிறகு அவர்கள் அரைத்துக் கொடுக்கும் அந்தக் கிழங்கு எது? தெப்பத்தில் போன வருஷம் எது? சிறு விஷயம் என்று விடாமல் எல்லாவற்றையும் எழுது. சுபத்திராவுக்குப் பாதி மறந்துவிட்டது.

வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

வாசு


பந்திங்,
29 ஜூன் 1986

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன் கடிதம் தந்தி மாதிரி இருந்தது. வேலை அதிகம் என்றால் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டவை எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பையன் பேர் லஹாய், இப்போது நன்றாக நடக்கிறான். மஞ்சள் நிறக் கிழங்கு ஒன்று, அதன் பெயரை அவர்கள் வெளியாளிடம் சொல்ல மாட்டார்கள். என்னிடம் சொன்னார்கள், நானும் எழுத மாட்டேன். நேர்முகத்தில் கேட்டால் அதையே சொல்லிக்கொள்கிறேன். பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றாயே, அவர்களுக்குப் புரியும்.

மேட்ரனிடம் சம்பளமில்லா விடுப்புக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவாவது நான் படித்துவிட்டு வரவேண்டும். நான் இல்லாத நாட்களில் அம்மாவைக் கிள்ளானில் சித்தி வீட்டில் விடலாம் என்றிருக்கிறேன். அம்மாதான் பிடிகொடுக்காமல் இருக்கிறாள்.

ஒரு ஸ்வெட்டரும் வாங்கிவிட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்தபோது இராஜம்மா அக்கா காய்ச்சலா என்று கேட்டார்கள்.

சுபத்திராவுக்கு என் அன்பு. அவள் ஏன் இப்போதெல்லாம் கடைசியில் இரண்டு வரி சேர்ப்பதில்லை?

அக்கா


பெர்த்,
18 அக்டோபர் 1986

அக்காவுக்கு,

நலம். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துக்கொள். வீடு மாறினோம்.

விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியலும் வேதியியலும் பாஸ் செய்திருக்க வேண்டுமாம். நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். மனதை விட்டுவிடாதே. உனக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது, கம்பத்து மக்கள் இருக்கிறார்கள், அம்மா இருக்கிறாள்.

தீபாவளி வாழ்த்துகள்.

வாசு


பிரிக்ஃபீல்ட்ஸ்,
30 நவம்பர் 1986

அன்புத் தம்பி வாசுவுக்கு,

நாங்கள் நலம். தீபாவளிக்கு முறுக்கு சுட்டோம். உன் பங்கையும் நானே தின்றேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்வெட்டரை மடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு யோசித்தேன். விதியை அவர்கள் மாற்றினால் நான் மாறிக்கொள்ள வேண்டியதுதானே. இங்கே நம் தெருமுனைக் கடைக்கு மேலே ராதாகிருஷ்ணன் சார் ஆறாம் படிவத்துக்கு டியூஷன் எடுக்கிறார். அதில் சேர்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பந்திங்கில் பஸ் ஏறி வந்து, சனி ஞாயிறு வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் யூனிபார்மில் வருகிறார்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இப்போது ஆன்ட்டி என்கிறார்கள். வேதியியலில் வாங்கிய மார்க்கைச் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்காரும் பெண் என்னைப் பார்த்து, "பரவால்ல ஆன்ட்டி, அடுத்த டெஸ்ட்ல பாத்துக்கலாம் லா" என்று ஆறுதல் சொன்னாள்.

வெளியாளுக்கு இந்த வருஷத்தோடு சரி என்று முன்பு எழுதினாய். அதையும் மாற்றினார்களா என்று கேட்டு எழுது. விதி ஒரு பக்கம் மாறினால் இன்னொரு பக்கமும் மாறலாம் அல்லவா? எந்தெந்தப் பாடம் என்பதையும் உறுதி செய்துகொள். வீண் பாடத்தைப் படிக்க எனக்கு வயதில்லை.

அம்மாவுக்கு நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பிடிக்கவில்லை. "விட்டுடேன்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

சுபத்திரா நலமா?

அக்கா


பெர்த்,
5 பிப்ரவரி 1987

அக்காவுக்கு,

பொங்கல் வாழ்த்து தாமதமாகிவிட்டது. இங்கே கடும் வெயில். இருவரும் நலம். சுபத்திரா முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டாள். நீ கேட்டதை விசாரிக்க நேரம் கிடைக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், ரொம்பவும் படிக்காதே.

வாசு


பந்திங்,
17 மே 1987

வாசுவுக்கு,

என் நலத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்கு ஆஸ்திரேலியத் தபால்தலை ஒட்டிய பார்சல் ஒன்று வந்தது. மேலே பாத்தின் பெயர், உலு கெலாடி, பந்திங் கிளினிக் மூலமாக என்று இருந்தது. பிரித்தால் கேசட். உன் பல்கலைக்கழகத்தின் முத்திரை. எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று உனக்குத் தெரியுமா? மனம் மாறிவிட்டார்கள், என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். கம்பத்துக்கு வந்தது, கம்பத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று நான் முன்னால் போட்டுக்கூடக் கேட்கவில்லை. வேலாயுதம் அண்ணன் ரேடியோவோடு போனேன். வழியில் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கினேன்.

எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் ஒரு வயதான பெண் ஆங்கிலத்தில் பேசினாள். அந்த ஊர்ப் பூர்வகுடிப் பெரியவள், நேர்முகத்தில் இருந்தவளாம். நல்ல குரல். உங்கள் வார்த்தையை நம்பித்தான் உங்கள் மிஸிக்கு இடம் கொடுத்தோம், நன்றாகப் படிக்கிறாள், நீங்கள் கேட்டபடி திருப்பி அனுப்புவோம் என்று சொன்னாள். நான் மலாயில் சொல்ல வாய் திறப்பதற்குள் கேசட்டே மலாயில் பேசியது. "பாத்தின், மாக் ஈத்தாம், நலமா? நான் உங்கள் மிஸி பேசுகிறேன்."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் சிரித்தார்கள், மிஸி இங்கே இருக்கிறாளே என்று. மாக் ஈத்தாம் மட்டும் சிரிக்கவில்லை. "இது செருப்பை விட்டவள்" என்றாள்.

மறுபடியும் போடச் சொன்னார் பாத்தின். போட்டேன். தெப்பத்தில் வந்ததைச் சொல்கிறாள், லஹாயின் காலைக் கேட்கிறாள். நான் உனக்கு எழுதிக் கொடுத்ததை எல்லாம் அப்படியே சொல்கிறாள். பாத்தின் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அப்படியானால் நாங்கள் பொய் சொன்னோமா மிஸி?"

என்ன செய்தாய் என்று நீயே சொல். மூன்று பெட்டி வேதியியல் புத்தகம் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதை ஏன் படிக்க வைத்தாய் என்பதையும் சொல்.

தங்கமணி


பெர்த்,
2 ஜூன் 1987

அன்புள்ள அக்கா, என் அம்மாவுக்குச் சமமான அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வந்ததிலிருந்து எங்களுக்குத் தூக்கம் இல்லை.

சத்தியமாக முதலில் உனக்காகத்தான் கேசட்டைக் கொண்டுபோனேன். நேர்முகத்துக்கு ஆள் நேரில் வரவேண்டும் என்றார்கள். நீ வந்து சேர ஆகும் அலைச்சலை யோசித்தேன். அன்றைக்குச் சுபத்திராவும் என்னோடு வந்திருந்தாள். கேசட்டில் மிஸி, மிஸி என்றுதான் இருக்கிறது. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. அவர்கள் கேசட்டைப் போட்டுவிட்டு, இந்த மிஸி யார் என்று கேட்டார்கள். சுபத்திரா, நான்தான் என்றாள். நான் பேசாமல் இருந்தேன். அவளும் அந்தக் கம்பத்துக்குப் போனவள்தானே அக்கா? அது முழுப் பொய்யா? அதன் பிறகு உன்னிடம் விதி மாறியது என்று எழுதினால் நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். டியூஷனுக்குப் போவாய் என்று நான் நினைக்கவே இல்லை.

அம்மாவிடம் போனில் கேட்டுத்தான் செய்தேன். நீ வந்துவிட்டால் அவள் தனியாகிவிடுவாள் என்றுதான் அவளும் சரி என்றாள்.

இப்போது சொன்னால் அவள் இடம் போகும். அவள் படிப்பை வைத்துத்தான் எங்கள் விசா, அதுவும் போகும். எங்கள் இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். கம்பத்து மக்களை எப்படியாவது சமாதானப்படுத்து. நீ சொன்னால் கேட்பார்கள். நீ எப்போதும் விட்டுக்கொடுப்பவள்.

உன் தம்பி
வாசு


பந்திங்,
22 ஜூன் 1987

வாசுவுக்கு,

உன் கடிதத்தில் சுபத்திராவின் கையெழுத்தைத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. கேசட்டில் அத்தனை பேசியவள்.

அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா? அவன் ஆம்பளப் புள்ள, போனவன் போனவன்தான். நீ பொம்பளப் புள்ளதானே, இருந்துட்டுப் போயேன்" என்றாள். அவள் முன்னால்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் புத்தகப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். படிக்கட்டு வரை வந்து பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்று தைலமும் தேய்க்கவில்லை. மறுநாள் தேய்த்தேன். மனம் ஆறவில்லை, ஆறும் என்று தோன்றவும் இல்லை.

நீ நினைத்தது சரிதான். எனக்குச் செய்ததோடு இது நின்றிருந்தால் விழுங்கியிருப்பேன். உன் படிப்புக்காக நர்ஸிங் மேல்படிப்பை விட்டபோது விழுங்கினேன். இதையும் விழுங்கிவிட்டு, தீபாவளிக்கு உன் பங்கு முறுக்கையும் தின்றிருப்பேன். அதற்கும் தயாராகத்தான் உலு கெலாடிக்குப் போனேன். சமாதானப்படுத்தத்தான் போனேன்.

பாத்தின் என்னைப் பேச விடவில்லை. அவர்கள் ஏற்கெனவே கூடிப் பேசி முடித்திருந்தார்கள். "நாங்கள் ஓர் ஆளுக்காகக் கொடுத்த வார்த்தை இன்னோர் ஆளிடம் இருக்கிறது. அதைத் திருப்பி எடுக்க வேண்டும். அந்த ஊர்க் கிழவி எங்களை நம்பியவள், அவளுக்குத் தெரிய வேண்டும். நீ ரேடியோவை மட்டும் கொண்டுவா" என்றார். அப்படிச் செய்தால் உன்னையும் சுபத்திராவையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னேன். அப்படியும் சொன்னேன் வாசு, அதை நீ தெரிந்துகொள். மாக் ஈத்தாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது உன் வீட்டு விஷயம். வார்த்தை எங்கள் வீட்டு விஷயம்" என்றாள்.

ரேடியோவைக் கொண்டுபோனேன். நான் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று முடிவு செய்து, பொத்தானை மட்டும் அழுத்தினேன். பாத்தின் நடந்ததைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இடையில் நிறுத்தி, தம் பக்கத்திலும் ஒரு தவறு உண்டு என்றார். மிஸி என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இத்தனை வருஷமாக அவள் பெயரைக் கேட்காமல் இருந்துவிட்டோம் என்றார். பிறகு ரேடியோவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உன் பெயர் என்ன? அவர்களுக்குக் கேட்கும்படி சொல்."

சொன்னேன். தங்கமணி, அய்யாவு மகள்.

மாக் ஈத்தாம் அதை இரண்டு தரம் சொல்லிப் பழகினாள், சரியாக வரவில்லை. அதுவும் பதிவாகியிருக்கிறது. இன்று காலை பந்திங் தபால் நிலையத்தில் அதை அனுப்பிவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எனக்கு அந்த இடம் இனிக் கிடைக்காது என்று தெரியும். கிடைப்பதற்காகவும் அனுப்பவில்லை.

ஊருக்கு வந்தால் அம்மாவைப் பார்த்துக்கொள். இனி உன் முறை.

தங்கமணி